மே மாதத்தில் ஒரு மாரத்தான்: வெயிலுக்கு உடலைப் பழக்குவது பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வசிக்கும் உங்களுக்கு வயது 41. கடந்த ஜனவரியில் உங்கள் இரண்டாவது மாரத்தானை 4 மணி 10 நிமிடத்தில் முடித்திருக்கிறீர்கள். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேலூர்ப் பக்கம் நடக்கவிருக்கும் 42 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். தொடக்கம் காலை 5 மணி, கையில் இருப்பது ஐந்து வாரம். வெயிலுக்கு உடலைப் பழக்க வேண்டுமானால் மத்தியானம் 12 மணிக்கு ஓடிப் பழகு என்று உங்கள் குழுவில் சிலர் சொல்கிறார்கள். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "பழகிவிட்டால் ஜனவரி வேகத்திலேயே ஓட முடியுமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மத்தியான ஓட்டம் பற்றிய கேள்வியைவிட அந்தக் கடைசி வரிதான் உங்கள் மனத்தில் இருக்கும் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் மருத்துவன் அல்லன். பதினெட்டு ஆண்டுகளாக ஓடுகிறேன், பதினொரு ஆண்டுகளாகச் சென்னையில் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி அளித்து வருகிறேன், ஓட்ட நாள்களில் மருத்துவக் கூடாரங்களில் தன்னார்வலனாக நின்றிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்: உடலை வெப்பத்துக்குப் பழக்க முடியும், அதற்கு மத்தியான ஓட்டம் தேவையில்லை, எவ்வளவு பழகினாலும் ஜனவரி வேகம் மே மாதத்தில் கிடைக்காது. முதல் இரண்டும் உங்கள் பயிற்சியைப் பற்றியவை. மூன்றாவதை நீங்கள் இப்போதே ஏற்றுக்கொள்ளாவிட்டால் முதல் இரண்டால் பெரிய பயன் இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 70 கிலோ கலோரி செலவாகிறது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 700 கிலோ கலோரி. இதில் முக்கால் பங்குக்கும் மேல் வெறும் வெப்பமாகவே உடலுக்குள் சேர்கிறது. அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆறு ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறாமல் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதாவது கணக்குப்படி ஒரு லிட்டரே போதும். இங்கே முக்கியமான சொல் 'ஆவியானால்' என்பது. மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வீணாகப் போன தண்ணீர். சென்னையில் மே மாத அதிகாலையில் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்ததும் காலணிக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்கிறதே, அது முழுவதும் ஆவியாக வாய்ப்புக் கிடைக்காமல் வழிந்த வியர்வைதான்.

இதனால்தான் வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்கிறேன். சென்னையில் விடியற்காலை 29 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், வியர்வை ஆவியாகி எவ்வளவு குளிர்விக்கும் என்பதைக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 27 டிகிரி காட்டும். வேலூரில் பிற்பகல் 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்றால் அதே வெப்பமானி 24 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். வியர்வை ஆவியாவதை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் கடற்கரை விடியற்காலை உள்நாட்டுப் பிற்பகலைவிடக் கடினமானது. ஆனால் வேலூர்ப் பிற்பகலில் தலைக்கு மேல் சூரியனும் காலுக்குக் கீழே கொதிக்கும் தாரும் இருக்கின்றன. ஓட்டப் போட்டிகளுக்குப் பயன்படுத்தப்படும் வெட் பல்ப் குளோப் அளவீட்டில் ஈரத்துணி வெப்பமானிக்கு 70 விழுக்காடும், வெயிலை உறிஞ்சும் கறுப்புக் கோளத்துக்கு 20 விழுக்காடும், நிழலில் எடுத்த காற்று வெப்பத்துக்கு 10 விழுக்காடும் இடம் தருகிறார்கள். அந்தக் கணக்கில் சென்னை விடியற்காலை 27, 28 என்றும் வேலூர்ப் பிற்பகல் 30க்கு வெகு மேலேயும் வரும். 28ஐத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டத்தை நடத்தலாமா என்றே அமைப்பாளர்கள் யோசிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வழிகாட்டுதல். ஆகவே உங்கள் குழுவினருக்கு என் பதில்: நீங்கள் இப்போது ஓடும் சென்னை விடியற்காலையே எல்லைக் கோட்டை ஒட்டியிருக்கிறது, உடலைப் பழக்க அதைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பம் போதும், உச்சி வெயில் தேவையில்லை.

பழகுவது என்றால் உடலில் என்ன நடக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை. பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட விஷயம் இது. தினமும் 60 முதல் 90 நிமிடம் வரை உடலின் உள்வெப்பம் 38.5 டிகிரியை ஒட்டி உயரும்படி மிதமாக ஓடினால், முதல் நான்கைந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறைகிறது. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அளவு கூடுகிறது, அதிலுள்ள உப்பின் அடர்த்தி குறைகிறது. வெப்பத்தை நிறுத்தினால் இந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் கரைந்து மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். ஆளுக்கு ஆள் இது எவ்வளவு வேறுபடும் என்பதுதான் நிச்சயமில்லாத பகுதி. ஒரே குழுவில், ஒரே நேரத்தில், ஒரே பயிற்சியைச் செய்த இருவரில் ஒருவர் எட்டாம் நாளே தெம்பாக இருந்ததையும் மற்றவர் மூன்றாவது வாரத்திலும் திணறியதையும் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஐந்து வாரம் இருப்பதால் இப்படிச் செய்யச் சொல்வேன். முதல் இரண்டு வாரம், வழக்கமான நீண்ட ஓட்டங்களை அதிகாலை 4 மணிக்கே தொடங்கி முடித்துவிடுங்கள்; 30 கி.மீ. அளவிலான ஒரே ஓர் ஓட்டத்தை இந்தக் காலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தையும் பெருந்தூரத்தையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெப்பப் பழக்கத்தைத் தொடங்குங்கள்: காலை 7.30 மணிக்கோ மாலை 4.30 மணிக்கோ, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில், முதல் நாள் 30 நிமிடம், பிறகு படிப்படியாக 60 நிமிடம், ஏறக்குறைய பன்னிரண்டு நாள். தனியாக ஓடாதீர்கள், அல்லது வீட்டைச் சுற்றியே ஓடுங்கள். வேகப் பயிற்சிகளை இந்த நேரத்தில் வைக்காமல் குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில்லில் செய்யுங்கள்; வெயிலில் வேகப் பயிற்சி செய்தால் வேகமும் வராது, களைப்பும் தீராது. கடைசி வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முக்கால் மணி நேர வெப்ப ஓட்டம் போதும். சிலர் உடல் பழக வேண்டும் என்று இரவில் ஏ.சி.யை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் புரள்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தூக்கம் கெட்டால் வெப்பத்தைத் தாங்கும் திறனும் கெடுகிறது.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஓடப் போகும்முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையின்றி எடை பாருங்கள். ஓடி வந்ததும் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சென்ற மே மாதத்தில் என் குறிப்பேட்டில் உள்ள ஒரு நாள் கணக்கு இது: போகும்போது 68.4 கிலோ, 90 நிமிடம் கழித்து 66.1, இடையில் குடித்தது அரை லிட்டர். அப்படியானால் வியர்வை 2.8 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 1.9 லிட்டர். ஓடிக்கொண்டே அவ்வளவையும் குடித்து ஈடுகட்ட வயிறு இடம் தராது. ஈடுகட்டத் தேவையும் இல்லை. எடையில் இரண்டு விழுக்காடு அளவுக்குக் குறைவதைப் பெரும்பாலோர் தாங்குகிறார்கள். அதற்கு வெகு மேலே போகவிடக் கூடாது. சென்னையில் பயிற்சி எடுத்து வேலூரில் ஓடும் உங்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. இங்கே வியர்வை கண்ணுக்குத் தெரியும். அங்கே காற்று உலர்ந்திருந்தால் சுரந்ததும் காய்ந்துவிடும். பனியன் காய்ந்திருக்கிறது, தொப்பி விளிம்பில் வெள்ளை உப்புக்கோடு மட்டும் தெரிகிறது என்றால், வியர்க்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

தண்ணீர் அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து என்பதை நம் ஊரில் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம், அதாவது உப்புச் சத்து, இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அது அதிகம். ஒவ்வொரு மேசையிலும் நின்று நின்று இரண்டு குவளை குடித்துக்கொண்டே போகும் மெதுவான ஓட்டக்காரர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். தாகத்துக்குக் குடியுங்கள், எடைக் கணக்கை ஒரு மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, நாம் வியர்வையில் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோரும், உப்புப் போட்ட நீராகாரமும் ஓட்டம் முடிந்த பிறகு இளநீரைவிட உங்களுக்குப் பொருத்தமானவை. வழியில் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிப்பதானால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை லிட்டர் குப்பியில் கொட்டிக் கலக்கிவிட்டு வாந்தி எடுத்தவர்கள் பலர். உப்பு மாத்திரைகள் கெண்டைக்கால் பிடிப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. களைத்த தசைதான் பிடித்துக்கொள்கிறது என்ற விளக்கமும் வலுவாகவே இருக்கிறது.

இனி வேகத்துக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 27 அன்று தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவை ஒட்டித் தொடங்கினார்கள். வெயில் இல்லை; ஆனால் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். வென்ற கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 நொடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் ஓடிய நேரம் 2:17:08. பயிற்சியாளர், மருத்துவர், பனிக்கட்டி என எல்லா வசதியோடும் ஓடிய உலகின் முதல்நிலை வீராங்கனைக்கே கால் மணி நேரம் கூடியது. டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வெப்பத்துக்காகவே வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அப்படியும் 2021 ஆகஸ்ட் 8 அன்று ஆண்கள் ஓட்டத்தில் 106 பேரில் 30 பேர் முடிக்கவில்லை. கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 30 கி.மீ. வரை கூட்டத்தோடு பொறுமையாக ஓடி, அதற்குப் பிறகே பிரிந்து போய் வென்றார்.

ஜனவரியில் உங்கள் சராசரி, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 நொடி. வேலூரில் முதல் 15 கி.மீ.யைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடியைவிட வேகமாக ஓடவே ஓடாதீர்கள். அப்போது இருட்டும் இளங்காற்றும் இருக்கும், கால் தானாக ஓடும், கூட ஓடுபவர்கள் முந்திப் போவார்கள். தவறு நடப்பது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். 5.45 மணியளவில் சூரியன் உதிக்கும்; நீங்கள் 30 கி.மீ.யைத் தொடும்போது மணி 8.20 ஆகியிருக்கும், நிழல் போயிருக்கும். அதன் பிறகு கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பை மட்டும் பாருங்கள். மெதுவான பயிற்சி ஓட்டத்தில் உங்கள் துடிப்பு எவ்வளவோ அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடினால் நடங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. 4 மணி 45 நிமிடத்திலிருந்து 5 மணி 10 நிமிடத்துக்குள் முடித்தால் அது ஜனவரி ஓட்டத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று மனதார நம்புகிறேன்.

வழியில் உடலைக் குளிர்விக்க எளிய வழிகள் உண்டு. கலிபோர்னியாவில் ஒவ்வொரு ஜூன் மாதமும் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் கைக்குட்டையில் பனிக்கட்டியைப் பொதிந்து கழுத்தில் கட்டிக்கொள்வது வழக்கம், நாமும் செய்யலாம். தொப்பிக்குள் ஒரு கைப்பிடி ஐஸ் வைத்தால் இரண்டு கிலோமீட்டருக்காவது தாங்கும். தொடங்குவதற்கு அரை மணி முன்பு நொறுக்கிய ஐஸ் கலந்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது உள்வெப்பத்தைச் சற்றுக் குறைத்துத் தொடங்க உதவுகிறது. புதினாத் தைலம் போன்றவை குளிர்ச்சியாக உணரவைக்கும், ஆனால் வெப்பத்தைக் குறைக்காது. அந்த உணர்வை நம்பி வேகம் கூட்டினால் ஆபத்து. தோல் முழுவதும் எண்ணெயோ கெட்டியான களிம்போ பூசாதீர்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் விழுந்து மறுநாள் இறந்த போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கு லாசரு, வெயில் சுடாமலிருக்க உடலில் கொழுப்புப் பூசியிருந்தார் என்றும் வியர்வைக்கு வழியில்லாமல் போனது என்றும் சொல்லப்படுகிறது.

அடுத்து, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரை மாரத்தானில், 19ஆவது கிலோமீட்டர் வளைவில் நின்றிருந்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர் சாலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அலைந்தபடி வந்தார். பெயர் கேட்டேன், சரியாகச் சொன்னார். எங்கே ஓடுகிறீர்கள் என்றேன். "அக்கா வீட்டுக்கு" என்றார். கையைப் பிடித்ததும் கோபமாக உதறினார். உடம்பு முழுவதும் தண்ணீராக வியர்த்திருந்தது. வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) வந்தால் வியர்வை நின்றுவிடும் என்று படித்திருப்பீர்கள்; ஓடும்போது வருவதில் பெரும்பாலும் அப்படி இல்லை, வியர்த்துக்கொண்டே இருக்கும். குழப்பம், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், இவைதான் அடையாளம். பக்கத்துக் கரும்புச்சாற்றுக் கடையிலிருந்து உடைத்த ஐஸ் பாரையும் இரண்டு குடம் தண்ணீரையும் வாங்கி, பந்தலுக்கு வைத்திருந்த தார்ப்பாயில் அவரைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டில்போல ஆக்கி, கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தோம். ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் கழித்து உடல் நடுங்கியது, "நான் ஏன் இங்கே படுத்திருக்கிறேன்?" என்று கேட்டார். அதன் பிறகே 108 வண்டியில் ஏற்றினோம்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த முறை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில், 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரையும் அங்கேயே குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ஒருவரையும் இழக்காமல் காப்பாற்றியதாக 2015இல் வெளிவந்த ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 108ஐ உடனே அழைக்கலாம், ஆனால் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஃபால்மவுத் ஓட்டத்தின் தூரம் வெறும் 7 மைல் என்பதையும் கவனியுங்கள். தூரம் குறைவு என்றால் வேகம் அதிகம், வேகம் அதிகம் என்றால் வெப்பமும் அதிகம். பத்து கிலோமீட்டர்தானே என்று கத்திரி வெயிலில் முழு மூச்சோடு ஓடும் உங்கள் குழுவின் இளைஞர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பழகியவர்களும் வெப்பத்தாக்கால் விழுகிறார்கள். ஓட்டத்துக்கு முந்தைய வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தாலும், முந்தைய இரவு தூங்காமலிருந்தாலும் தொடக்கக் கோட்டுக்குப் போகாதீர்கள். வலிக்காக ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அமைப்பாளர்களுக்கு இந்த வாரமே தொலைபேசியில் பேசி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை, முடியும் இடத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா. இரண்டாவது கேள்வி அவர்களுக்குப் புரியாவிட்டால், நீங்களே நண்பர் ஒருவரை ஐஸ் பெட்டியோடும் தார்ப்பாயோடும் 32ஆவது கிலோமீட்டரில் நிறுத்துங்கள்.

கடைசியாக, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சில உடலிலிருந்து நீரை வெளியேற்றுபவை, சில இதயத் துடிப்பைக் கூடவிடாமல் பிடித்துவைப்பவை. இரண்டாவது வகை என்றால் நான் மேலே சொன்ன துடிப்புக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்களுடையது எது என்பதை இங்கே எழுதவேண்டாம். எழுதினாலும் எனக்கு அதில் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பார்த்து, மே மாதக் கடைசியில் ஐந்து மணி நேரம் ஓடப் போகிறேன் என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள். வெப்பப் பழக்கத்தின் முதல் 30 நிமிடத்தை அவர் பதில் கிடைத்த பிறகு தொடங்குங்கள்.